பால் பல்லுக்கு எந்த அடைப்பு?

"பால் பல்லுதானே, தானா விழுந்திடும். அதுக்குப் போய் எதுக்குச் செலவு?" இப்படிக் கேட்காத வீடு இருக்காது. எங்கள் வீட்டில் கேட்டது என் மனைவி. பேரனுக்கு அப்போது ஐந்து வயது. கீழ்க் கடைவாயில் இரண்டு பல் சொத்தை.

பல் டாக்டர் கணக்காகச் சொன்னார். "முன்பல் ஆறேழு வயசுல விழுந்திடும் சார். ஆனா கடைசியில இருக்கிற இந்தப் பல் பத்து, பன்னிரண்டு வயசு வரை இருக்கணும். இப்பவே பிடுங்கிட்டா, பின்னால முளைக்கிற நிரந்தரப் பல் முன்னால நகர்ந்து வந்து, அடியில காத்திருக்கிற பல்லோட இடத்தை அடைச்சுக்கும்."

ஆக, ஐந்தாறு வருடம் தாங்க வேண்டும். எதை வைத்து அடைப்பது?

நம் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. வெள்ளி அடைப்பு ஒன்றுதான். 1979-ல் எனக்கு அடைத்தது இன்னும் கல் மாதிரி இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம். பால் பல்லுக்கும், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-ல் முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உண்டு. இதைப் படித்துவிட்டு உங்கள் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்க ஓடாதீர்கள். நன்றாக இருப்பதை அப்படியே விடுவதே நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள்.

அடுத்தது கிளாஸ் அயனோமர் என்னும் சிமென்ட். 1970-களில் இங்கிலாந்திலிருந்து வந்தது. பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளிக்கும். ஃப்ளூரைடும் கசிய விடும். குறை என்னவென்றால் சீக்கிரம் தேயும்; இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள குழியில் உடையவும் செய்யும்.

என் மகள் கேட்டது பல் நிறத்திலேயே வரும் காம்போசிட். பார்க்க அழகு, உறுதியும் அதிகம். ஆனால் அமிலம் தடவி, பசை பூசி, நீல விளக்கு காட்டி இறுக்கும் வரை துளி எச்சில் படக்கூடாது. எங்கள் பேரனோ பத்து எண்ணுவதற்குள் வாயை மூடிவிடுவான்.

"பிடிச்சு வச்சு செஞ்சிடலாமா?" என்றாள் மகள்.

"செய்யலாம்மா. ஆனா அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான்" என்றார் டாக்டர்.

எனக்கு அது சுருக்கென்றது. வலி தாங்காமல் உயிர் போகும் வரை பல் டாக்டரிடம் போகாத தலைமுறை நாம். அந்தப் பயம் இவனுக்கும் வேண்டுமா?

எக்ஸ்ரே எடுத்து, வேர் வரை சொத்தை போகவில்லை என்று பார்த்தபின், ஆழமான பல்லுக்கு ஸ்டீல் தொப்பி என்று முடிவானது. ஊசி இல்லை, ராவுதல் இல்லை. பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி, சில நாள் கழித்து வரச் சொன்னார். பிறகு சிமென்ட் வைத்துத் தொப்பியை அழுத்தி மாட்டிவிட்டார். உள்ளே அடைபட்ட சொத்தைக் கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காததால் அது வளராதாம். ஸ்காட்லாந்தில் ஹால் என்ற பெண் பல் மருத்துவர் கையாண்ட முறை இது. கொஞ்ச நாள் கடிக்கும்போது உயரமாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. மேல்பக்கம் மட்டும் குழி விழுந்த இன்னொரு பல்லுக்குச் சிமென்ட்.

இரண்டு வருடம் ஆகிறது. சிமென்ட் ஒருமுறை விழுந்து மறுபடி வைத்தோம். தொப்பி அசையவில்லை. பள்ளியில் கேலி செய்வார்களோ என்று மகள் கவலைப்பட்டாள். அவனோ "இரும்புப் பல்" என்று எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டினான்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் இப்படி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டும்? குழி மேலே மட்டுமா, இடுக்கிலுமா? பிள்ளை எவ்வளவு நேரம் வாயைத் திறந்திருப்பான்? விலையையும் நிறத்தையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.