மூக்குத்தண்டு அமிழும்போது

பிறவியிலேயே சப்பையாக அமைந்த மூக்கு நோயன்று, குடும்பச் சாயல். நிமிர்ந்திருந்த மூக்குத்தண்டு நடுவில் குழிந்து குதிரைச் சேணம்போல் ஆகும்போதுதான் காரணம் தேட வேண்டும். இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாலும் ஒரு பழைய புகைப்படமே போதும்.

மூக்கின் மேற்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. இரு துளைகளுக்கும் இடையிலுள்ள நடுச்சுவர் உள்ளிருந்து அதைத் தாங்குகிறது. குருத்தெலும்புக்கெனத் தனி ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய சவ்வுதான் ஊட்டம் தருகிறது. விழுந்து அடிபட்ட குழந்தைக்குச் சவ்வின் அடியில் ரத்தம் கட்டினால் அந்த ஊட்டம் நின்றுவிடும். வெளிக்காயம் அற்பமாகத் தெரியலாம். உள்ளே மெத்தென்ற வீக்கம், இருபுறமும் அடைப்பு. சில நாட்களில் குருத்தெலும்பு அழிந்துபோகும். உடனே கீறி ரத்தத்தை வெளியேற்றினால் மூக்கைக் காப்பாற்றலாம். டார்ச் அடித்து உள்ளே பார்க்காத ஒரே குறையால் ஒரு முகம் மாறிப்போவது வேதனைக்குரியது.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களை நாடும். மூச்சுக்காற்று படும் மூக்கின் உட்புறம் அதற்கு உகந்தது. அடைப்பு, பொருக்கு, ரத்தக்கசிவு என்று தொடங்குவதைச் சளி என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு நடுச்சுவரில் துளை விழும். மேலுதட்டுக்கு மேலுள்ள சிறு எலும்புமுனை தேயும். நுனி தாங்கலின்றி அமிழும். டென்மார்க்கின் நெஸ்ட்வெட் நகரில், இடைக்காலத் தொழுநோயாளர் இடுகாட்டின் மண்டையோடுகளிலும் ஆய்வாளர் மோலர்-கிறிஸ்டென்சன் இதே தேய்வைக் கண்டு விவரித்தார். உணர்ச்சியற்ற தேமல், புருவமுடி உதிர்வு, காதுமடல் தடிப்பு ஆகியவை உடனிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பிறவி சிபிலிஸ் பெரும்பாலும் எலும்பைத் தாக்குவதால் தண்டின் மேற்பகுதியே தாழும். கர்ப்பக் காலத்தில் தாய்க்கு உரிய நேரத்தில் போடும் பென்சிலின் அதைத் தடுத்துவிடும். சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் ஒரு நோயும் பொருக்கும் ரத்தமுமாகத்தான் தொடங்குகிறது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அது ஓசையின்றிக் கெடுப்பதால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காதுமடல் சிவந்து வீங்கி, குருத்தெலும்பு இல்லாத சோணை மட்டும் தப்பியிருந்தால் குருத்தெலும்பு அழற்சி என்று கொள்ளலாம். அது மூச்சுக்குழாய்க்கும் பரவக்கூடும். கொக்கைன் உறிஞ்சுவோருக்கும் நடுச்சுவர் துளைபடும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது.

விலா அல்லது காதுக் குருத்தெலும்பை வைத்துத் தண்டை மீண்டும் நிமிர்த்தலாம், ஆனால் நோய் அடங்கிய பிறகே. தொழுநோய் மருந்துகள் கிருமியைக் கொல்லும். அமிழ்ந்த மூக்கை உயர்த்தா. முழுதும் குணமானவரையும் ஊர் அந்த மூக்கைப் பார்த்தே ஒதுக்குவதால், அவருக்குச் செய்யும் இந்த அறுவை அழகுக்கானது அல்ல. சிகிச்சையின் மீதிப் பகுதி.