காற்று போக வழி

நான் கேடட்டாக இருந்தபோது எங்கள் கப்பல் நிலக்கரியோடு தூத்துக்குடிக்கு வந்தது. பிறந்த ஊருக்குள் கடல் வழியாக நுழைவது எனக்கு அதுதான் முதல் தடவை. கரையில் அப்பா காத்திருப்பார் என்ற நினைப்பிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரி இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்பும். அப்படியே வெறுமையாகக் கடலுக்குப் போனால் காற்று தள்ளும்; ப்ரொப்பெல்லரும் சுக்கானும் தண்ணீருக்குள் சரியாக அமிழாது. அதனால் பேலஸ்ட் டேங்குகளில் கடல்நீரை நிரப்புவார்கள். தாத்தா காலத்துத் தோணிகளில் இதே வேலையை மணலும் கல்லும் செய்தன. மணல் போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீர் கிடக்காது.

டேங்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சவுண்டிங் பைப் வழியாகப் பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை இறக்கி அளப்பது என் வேலை. வலது பக்க டேங்க் நிரம்பும்போது அதன் ஏர் பைப்பில் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இடது பக்கம் சத்தமே இல்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் டேப் 'ஃபுல்' அளவைக் காட்டியது, அப்படியே எழுதிவிட்டேன். பம்பை நிறுத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கப்பல் வலது பக்கம் சாய்வது தெரிந்தது. சீஃப் ஆபீசர் வாக்கிடாக்கியில் கேட்டார்: "போர்ட் சைடு ஃபுல்தானே?"

"ஃபுல் சார்."

மணப்பாட்டுக்காரரான போசன் அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் போய் ஏர் பைப் வாயில் உள்ளங்கையை வைத்தார். "ஏல தம்பி, இது மூச்சே விடலியே?"

கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்க அந்தத் தலைக்குள் ஒரு மிதவை இருக்கும். உப்பும் துருவும் பிடித்து அது மூடிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. வலையில் கரித்தூள் அப்பிக் கிடந்தது. அண்ணாச்சி போல்ட்டுகளை மெல்ல மெல்லத் தளர்த்தினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று நெடுநேரம் சீறியது. மறுபடி டேப்பை இறக்கினேன். 1.5 மீட்டர் குறைந்திருந்தது.

டேப் பொய் சொல்லவில்லை. வெளியேற வழியில்லாத காற்று தண்ணீரை அழுத்தியிருக்கிறது; அந்தத் தண்ணீர் மேலே திறந்திருந்த சவுண்டிங் பைப்புக்குள் ஏறி நின்றிருக்கிறது. நான் குழாயை அளந்துவிட்டு டேங்கை அளந்ததாக நினைத்தேன்.

குறைகுடம் தளும்பும் என்பது கப்பலில் பழமொழி இல்லை, கணக்கு. பாதி நிரம்பிய டேங்கில் கப்பல் சாயும் பக்கமே தண்ணீரும் ஓடி, சாய்வைக் கூட்டும். பம்பை இன்னும் ஓட்டியிருந்தால் அழுத்தத்தில் தகடே புடைத்திருக்கலாம்.

"நெறயலன்னா மொத காத்து போற வழியப் பாரு. அப்புறம் வால்வு. பம்ப்பக் கொற சொல்றது கடைசி," என்றார் அண்ணாச்சி. பெரிய அலை எழுப்புவதற்காக வேக்போர்டிங் படகுகளில் வைக்கும் தண்ணீர்ப் பைகளுக்கும் இதே விதிதான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். பையின் மேட்டில் காற்று தங்கிவிட்டால் எத்தனை நேரம் பம்ப் ஓடினாலும் பை முழுசாக நிரம்பாது.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, தாத்தாவின் பேச்சை எடுத்தார். 1961-இல் இங்கே நடந்த கடைசி முத்துச் சலாபம் வரை தாத்தா குளித்தவர். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மூச்சு முட்டினால் கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். "கயிறு புடிக்கிறவன்கிட்ட வீரம் காட்டுனவன் திரும்பி வரமாட்டாம்னு அப்பா சொல்லும்," என்றார்.

ஏர் பைப் ஏன் சும்மா இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்ற வெட்கம்.

கப்பலுக்குத் திரும்பி, சவுண்டிங் புத்தகத்தில் 'ஃபுல்' என்று எழுதியிருந்ததை, அது படிக்கத் தெரியும்படி, ஒரே கோட்டால் அடித்தேன். பக்கத்தில் சரியான அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீஃப் ஆபீசரிடம் போய், சத்தம் வராததை முன்பே கவனித்தேன் என்றும் சொன்னேன். திட்டினார். நன்றாகவே திட்டினார்.