46 வருஷம் லேட்டாக வந்த தபால்

பிரான்ஸில் ஷமோனி என்று ஒரு மலையூர். அண்ணாந்து பார்த்தால் மாண்ட் பிளாங்க் சிகரம். அதிலிருந்து ஊர்ப்பக்கம் இறங்குகிறது பொஸ்ஸோன் பனியாறு. பேர்தான் ஆறு, நடை, அரசாங்க ஃபைல்!

1966 ஜனவரி 24. ஜெனீவாவில் இறங்கவேண்டிய ஏர் இந்தியா விமானம். மலையைத் தாண்டியாச்சு என்று நினைத்துக் கீழே இறக்கினார் விமானி. தாண்டவில்லை. விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேரும் பலி.

2012-ல் பனியாறு ஒரு பையைக் கக்கியது: நம் வெளியுறவு அமைச்சகத் தபால்! உள்ளே 1966 பேப்பர்கள்.

2013-ல் மலையேறிய ஓர் இளைஞன் கையில் சிக்கியது ஒரு பெட்டி. அதே விமானத்தினுடையது என்று நம்புகிறார்கள். உள்ளே மரகதம், நீலம், மாணிக்கம்! சுற்றிலும் ஈ, காக்கை இல்லை. நேரே போலீஸில் கொடுத்துவிட்டான். 2021-ல் பாதி அவனுக்கு, பாதி ஊருக்கு என்று பிரித்தார்கள்.

லேட்டானாலும் பனியாறு எதையும் அமுக்கிக்கொள்ளவில்லை. அந்தப் பையனும்தான்.