மழை எங்கே பெய்கிறது?

பாலைவனத்தில் மனிதனுக்குப் பயம் தாகம்தான் என்று நாம் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ‘வாதி’ என்ற அரபுச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்று இருபது வருடமாக மாணவர்களுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தவன் நான். அது தண்ணீர் வரும் வழியும்தான் என்பதை ஜோர்தானில் ஒரு காலைப் பொழுதில்தான் விளங்கிக்கொண்டேன்.

உம்ராவை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். குளிர்காலம். வாதி மூசா என்ற ஊரில் தங்கினோம். மறுநாள் பெட்ரா, அதற்கு முன் பக்கத்திலுள்ள ஒரு சிறிய மலையிடுக்கில் நடந்து, அங்கேயே பாய் விரித்துக் காலைச் சாப்பாடு என்று ஏற்பாடு. இருபுறமும் செந்நிறப் பாறைச் சுவர், காலடியில் மெல்லிய மணல், தலைக்கு மேலே ஒரு கீற்று நீல வானம். சுப்ஹானல்லாஹ்! பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழிகாட்டியாக வந்த வயதான பதூ அரபி நின்றார். கிழக்கு மலைகளுக்கு மேல் கறுத்திருந்ததைக் காட்டி, “எல்லோரும் மேலே ஏறுங்கள்” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. காசு கொடுத்து வந்திருக்கிறோம். வானமோ தெளிவாக இருக்கிறது. என்னுடைய கிதாபு அரபியில் அவரோடு வாதாடினேன். (அது அவருக்கு எவ்வளவு விளங்கியதோ!) மனைவிதான் என் கையைப் பிடித்தார்.

“இஞ்ச பாருங்க, மழையே இல்லாம எங்கட வாப்பாட வீட்டுக்குள்ள தண்ணி வரல்லையா? இரத்தினபுரியில பெய்தாப் போதுமே.”

அவர் களுத்துறையில் பிறந்தவர். களுகங்கையின் குணம் தெரிந்தவர். நானோ வரண்ட பிரதேசத்துக்காரன். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் லொறி வருவது போல ஒரு சத்தம். மண்நிறத் தண்ணீர் கற்களை உருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் பாய் விரிக்க நினைத்த இடம் மறைந்துபோனது.

அங்குள்ள நிலம் இறுகிய மண்ணும் வெறும் பாறையும். பெய்த மழையை உறிஞ்சாது, தடுத்து நிறுத்த மரஞ்செடிகளும் குறைவு. பல மைல் பரப்பில் விழுந்த நீர் முழுவதும் ஓர் ஒடுங்கிய இடுக்கு வழியாகவே வெளியேற வேண்டும். 1963இல் பெட்ராவின் நுழைவாயிலான ‘ஸீக்’ இடுக்கில் இப்படி வந்த வெள்ளத்தில் பிரான்ஸ் நாட்டுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 ஒக்டோபரில் சாக்கடல் அருகே வெள்ளம் 21 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் அதிகமானோர் சுற்றுலா சென்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்ன நபி (ஸல்) அவர்களின் ஹதீஸை எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்!

உங்களில் பலரின் கணவன்மார், பிள்ளைகள் சவூதியிலும் ஓமானிலும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் வாதிகளுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். தாராளமாகப் போகட்டும். ஆனால் அந்த வாதி தொடங்கும் மலையில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மணலில் கூடாரம் அடிக்க வேண்டாம், மேட்டில் அடிக்கட்டும். ஓடும் தண்ணீரை வாகனத்தால் கடக்க எத்தனிக்க வேண்டாம்.

மறுநாள் ஸீக்கினுள் நடந்தோம். சுமார் 1.2 கிலோமீற்றர் நீளம், சில இடங்களில் அகலம் மூன்று மீற்றர்தான். அதன் வாயிலில், வெள்ளத்தைத் திருப்பிவிட நபதிய அரபிகள் ஈராயிரம் வருடங்களுக்கு முன்பே அணையும் மலையைக் குடைந்த சுரங்க வழியும் அமைத்திருக்கிறார்கள். எல்லோரும் உள்ளே இருக்கும் சிற்ப மாளிகையைப் பார்க்க விரைந்தார்கள். என் மனைவி அந்தச் சுரங்க வாயிலருகே வெகுநேரம் நின்றார்.