கல்முனைக் கரையில் ஒரு விமானக் கனவு

மட்டக்களப்பிலிருந்து கரையோரப் பெருந்தெரு வழியே தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனையை அடையலாம். வழியில் மருதமுனை, நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கல்முனையைத் தாண்டினால் சாய்ந்தமருது. மேற்கே வயல்வெளி, கிழக்கே கடல். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் அக்கடல் பொங்கி இக்கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று அழிந்த தெருக்களில் இன்று மாடிவீடுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுட் பலவற்றில் வளைகுடா நாடுகளில் சிந்திய வியர்வை கலந்திருக்கிறது.

அத்தகைய வீடொன்றில் எமக்கு விருந்து. எமக்கெனத் தனியே மரக்கறி சமைத்து, எருமைத் தயிரும் வைத்திருந்தார்கள். உண்டபின் நண்பரின் மகன், உயர்தர வகுப்பில் கணிதம் பயில்பவன், மெல்லக் கேட்டான்: "சேர், விமானியாக வர இங்கே படிப்பது நல்லமா, வெளிநாட்டிலா?"

தந்தையார் குறுக்கிட்டார்: "பதினேழு வருஷம் கட்டாருக்குப் போய் வந்தேன், சேர். பிளேனிலே பின்னுக்குத்தான் இருந்தேன். மகன் முன்னுக்கு இருக்கட்டும். வயல் நாலு ஏக்கர் இருக்குது, வித்தாவது படிப்பிப்பேன்."

அந்த நாலு ஏக்கரே எம்மை இதனை எழுத வைத்தது.

1944 இல் சிக்காகோ நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையினால், விமானிக்குரிய அடிப்படை விதிகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. வர்த்தக விமானிக்கு வயது 18, பறப்பு ஏறத்தாழ 200 மணிநேரம். பெருவிமானத்துக்குத் தலைமை தாங்க 21 வயதும் 1500 மணிநேரமும். முதல்தர உடற்சோதனையிலும் ஆங்கிலத்திலும் தேறவேண்டும். ஆகவே வானம் ஒன்றுதான்; வேலைதான் வேறு.

1947 டிசம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் கம்பனியின் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1979 இல் எயர் லங்கா வந்தது. அதுவே இன்றைய ஸ்ரீலங்கன். இரத்மலானையில் இன்றும் பறப்புப் பள்ளிகள் உண்டு. ஆனால் தேசியக் கம்பனியிடம் உள்ளவை இருபது சொச்ச விமானங்களே. பத்திரம் பெற்ற இளைஞர் இடம் காலியாகும்வரை காத்திருக்கிறார்கள். குறித்த வகை விமானத்துக்குரிய பயிற்சிக்கு மீண்டும் பணம் வேண்டும்.

டுபாயின் எமிரேட்ஸ் 1985 இல் பாகிஸ்தானிடம் வாடகைக்கு எடுத்த இரண்டே விமானங்களுடன் தொடங்கிற்று. இன்று அதனிடம் இருநூற்றைம்பதுக்கு மேல்! சம்பளத்துக்கு வருமானவரியும் இல்லை. எனினும் இத்தகைய கம்பனிகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர்களையே தேடுகின்றன. 200 மணிநேரத்துடன் கதவைத் தட்டுபவனுக்கு அது எளிதில் திறவாது. அமெரிக்காவிலோ 2013 முதல், பயணிகள் விமானங்களில் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணிநேரம் வேண்டும்.

நம்மவர் பலர் ஊரிலே அனுபவம் பெற்றுப் பின்னரே வளைகுடா சென்றனர். 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஆனது. அப்போது அவ்வாறு போனவர் கொஞ்சமல்லர். அதற்காக அவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் மறுபக்கமும் உண்டு. 2020 இன் பெருந்தொற்றில் வளைகுடாக் கம்பனிகள் விமானிகளை நூற்றுக்கணக்கில் நீக்கின. வேலையோடு விசாவும் போனது. பிற நாட்டுப் பள்ளியில் பத்திரம் பெற்று வந்தாலும், அதனை இங்கு மாற்றிக்கொள்ள மீண்டும் பரீட்சை உண்டு.

"ஆகவே வயலை இப்போது விற்கவேண்டாம், முதலில் உடற்சோதனை நடக்கட்டும்" என்றோம். மூக்குக்கண்ணாடி அணிந்தவரும் விமானியாகலாம். ஆனால் நிறம் பிரித்தறியாத கண் பலரைத் தடுத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இதனை யார் பார்க்கிறார்கள்?

பையன் சுவரிலிருந்த நாட்காட்டியின் பச்சையையும் சிவப்பையும் உற்றுப் பார்த்தான்.

"அறுவடை முடியட்டும், வாப்பாவே கொழும்புக்குக் கூட்டிப் போகிறேன்" என்றார் தந்தையார்.