பெரிய டயர் போட முன் ஒரு கணக்கு



மடுல்சீமை, நமுனுகுல பக்கத் தோட்டப் பாதைகளில் பிக்கப்பின் அடி தட்டுகிறது என்று பெரிய டயர் போடுகிறோம். கராஜில் வெறும் வண்டியில் சக்கரம் நன்றாகத்தான் சுற்றும். ஆட்களும் கொழுந்தும் ஏறி ஸ்பிரிங் அமுங்கி, முடக்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் உரசும்.

வகுப்பில் நாம் படிப்பிக்கும் வீதக் கணக்குதான் இது. 205/70 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70. 15 அங்குல ரிம்மோடு மொத்த உயரம் 668. அதே ரிம்மில் 215/75 போட்டால் சுமார் 703. மட்காட்டுக்குக் கீழே 18 மில்லிமீட்டர் இடம் குறையும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் ஓடும்.

ஆகவே நான்கையும் வாங்க முன் ஒன்றை முன்பக்கம் மாட்டுவோம். சுமை ஏற்றி, அந்தச் சக்கரத்தைக் கல்லொன்றின் மேல் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்போம். மட்காட்டை வெட்டினால் சத்தம் போகும்; உள்ளே பிரேக் ஹோஸில் உரசினால் பசறை இறக்கத்தில்தான் தெரியவரும்.

பின்னால் ஏறி வருவது நம் பிள்ளைகளும் தாய்மாரும். இடம் போதாவிட்டால், பழைய அளவிலேயே நல்ல டயர் போடுவோம்.