நன்னிமாவுக்கு யாரும் சொல்லவில்லை

சேலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மெய்யனூர்ப் பக்கம் இருக்கும் எம்.ஜி.ஆர். மத்தியப் பேருந்து நிலையத்தை, கட்டிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும், நாங்கள் 'புதிய பஸ் ஸ்டாண்ட்' என்றே அழைக்கிறோம். இடித்துக் கட்டப்பட்டு 2023 ஜூனில் திறக்கப்பட்ட ஈரடுக்கு நிலையமோ இன்றும் 'பழைய பஸ் ஸ்டாண்ட்'தான். புதியது பழையதாகவும் பழையது புதியதாகவும் இருக்கும் ஊரில், வெளியூர் விருந்தினருக்கு வழி சொல்வதற்குள் நமக்கே தலை சுற்றிவிடும். பணி நடந்த ஆண்டுகளில் நகரப் பேருந்துகள் போஸ் மைதானத்துக்கு மாறியபோதும் ஊர் ஒருவாறு பழகிக்கொண்டது.

எங்கள் நன்னிமாவும் பழகிக்கொண்டார்கள். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்ட 1973-இல் அவர்களுக்கு வயது இருபது. அன்றுமுதல் பேருந்தைத் தவிர வேறு வாகனத்தை அவர்கள் நம்பியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வண்டியின் நிறம், நடத்துநரின் கூவல், வழியில் வரும் மரம், பாலம், கடை இவற்றைக் கொண்டே எந்த ஊருக்கும் தனியே போய்வருவார்கள். நாமக்கல்லுக்கு அவர்கள் வைத்திருந்த அடையாளம் மலை. பாறையும் அதன் உச்சியில் கோட்டையும் கண்ணுக்குத் தெரிந்தால் முக்காட்டைச் சரிசெய்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்தை ஒட்டிய நிலையத்தில் வண்டி நிற்கும். அங்கிருந்து நடந்தே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம்.

2024 அக்டோபர் 22 அன்று முதலைப்பட்டியில் நாமக்கல்லின் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. நவம்பரில் வெளியூர்ப் பேருந்துகள் அங்கே மாறின. ஊருக்குள் இருந்த பழைய நிலையம் நகரப் பேருந்துகளுக்கானது. மாற்றம் தேவையற்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தக் குறுகிய நிலையத்தில் பேருந்துகள் ஒன்றையொன்று உரசாத குறையாகத் திரும்புவதைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லார். செய்தி நாளிதழ்களில் வந்தது. எங்கள் குடும்பத்துக் கைபேசிக் குழுவிலும் ஒருவர் பகிர்ந்தார், நான்கு பேர் கட்டை விரலை உயர்த்தினோம். அதோடு முடிந்தது.

2025-இன் தொடக்கத்தில் ஒரு காலை பத்து மணியளவில் செய்தி வந்தது. நாமக்கல்லில் இருந்த நன்னிமாவின் அக்கா வஃபாத்தாகிவிட்டார்கள். ளுஹர் தொழுகைக்குப் பின் ஜனாஸா. எங்களில் சிலர் வேலையிலும், பிள்ளைகள் பள்ளியிலும் இருந்தோம். "நான் முன்னாடி போறேன், நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பின்னாடி வாங்க" என்று நன்னிமா கிளம்பிவிட்டார்கள். பதினொரு மணிக்கு முன்பே அவர்களை வண்டியில் ஏற்றி, சன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்து, தண்ணீர்ப் புட்டியும் கையில் தந்தோம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தானே, பன்னிரண்டரைக்குள் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டோம். இத்தனையும் செய்த எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நன்னிமா இறங்கவில்லை. மலையடிவாரம் வரவில்லையே, இது ஏதோ இடைவழி நிறுத்தம் என்று அமர்ந்திருந்தார்கள். "கடைசி ஸ்டாப்புங்கம்மா, இறங்குங்க" என்று சொல்லித்தான் இறக்கிவிட்டிருக்கிறார்கள். கண்ணெதிரே முன்பின் பார்த்திராத பெரிய கட்டடம். ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று அஞ்சி ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டார்கள். நாமக்கல் போகும் வண்டி எது என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கப்பட்டவருக்கு வியப்பு: "இதுதாம்மா நாமக்கல்." உண்மையான விடைதான். ஆனால் அதனால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. பிறகு முன்புறம் இளஞ்சிவப்பாக இருந்த ஒரு நகரப் பேருந்தைப் பார்த்து, பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி அல்லவா, ஊருக்குள்தான் போகும் என்று தாமாகவே முடிவுசெய்து ஏறினார்கள். அது வேறு திசைக் கிராமத்துக்குப் போயிற்று.

கைபேசி வீட்டில் மின்னேற்றத்தில் இருந்தது.

நாங்கள் பிந்திய வண்டியில் கிளம்பி, செய்தி அறிந்தவர்கள் என்பதால் குழப்பமின்றி வீடு சேர்ந்தோம். நன்னிமா வரவில்லை என்றதும் ஆளுக்கொரு திசையில் தேடினோம். தங்கைக்காகச் சிறிது நேரம் காத்தார்கள். மையித்தை அதற்கு மேல் தாமதப்படுத்தலாகாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஜனாஸா புறப்பட்டு அரை மணி கழித்து, வாசலில் பிரித்து அடுக்கிய நாற்காலிகளுக்கு இடையே நன்னிமா வந்து நின்றார்கள். வழியில் ஒரு கல்லூரி மாணவி கையைப் பிடித்துச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் அதைச் செய்தாள்.

நன்னிமா அழவில்லை. மாலையில் வுளூச் செய்து எழுந்தபோது மட்டும் கேட்டார்கள்: "உங்களுக்கெல்லாம் தெரியுமாப்பா, இங்க மாத்திட்டாங்கன்னு?" தெரியும் என்றோம். "ம்" என்றார்கள். அந்த 'ம்' இன்னும் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது அவர்களே புதிய நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்றார்கள். ஊருக்குள் போகும் வண்டி நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கோ கடை இடம் மாறினால் என்ன செய்வது என்ற கவலை.

ஊர் திரும்பியபின், எங்கள் மஹல்லாப் பள்ளியில் தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில், எந்த வண்டி எங்கிருந்து புறப்பட்டு எங்கே நிற்கிறது என்று தாளில் எழுதி ஒட்ட முத்தவல்லியிடம் அனுமதி கேட்டோம். ஒட்டிய பத்தே நாளில் இரண்டு நேரங்கள் மாறிவிட்டன. தாளைக் கிழித்துவிட்டுக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வாங்கி வைத்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் உதவாது என்பது நன்னிமாவால் அறிந்த பாடம். ஆகவே பெண்கள் மதரஸாவில் வாரம் ஒருமுறை அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். சில வாரம் வாசிக்கிறார்கள், சில வாரம் மறந்துபோகிறது.

நன்னிமா இப்போது எந்த ஊருக்குக் கிளம்பினாலும் செருப்பை மாட்டியபடி கேட்கிறார்கள்: "இப்ப எங்கப்பா நிறுத்துறான்?" வீட்டில் இருப்பவர் யாராயினும் எழுந்துபோய் விசாரித்துவிட்டு வந்து சொல்கிறோம்.